இருட்டறையில் நாற்பது நிமிடங்கள்

மேலகரத்தில் இருந்த என் சிகிச்சை நிலையத்தை மூன்று வருடங்களுக்கு முன் பாத்திமாவிடம் ஒப்படைத்தேன். பாத்திமா கடையநல்லூர்க்காரர். முறையாகப் படித்துவிட்டு என்னிடம் இரண்டு வருடம் வேலை பார்த்தவர். பெயர்ப்பலகையில் இப்போது அவர் பெயர்தான் இருக்கிறது. சென்ற மாதம் அவர் வீட்டுக்கு வந்தார். அக்குபங்சர் செய்கிறவர்கள் சிலர் சேர்ந்து ஒரு மலர் கொண்டுவருகிறார்களாம். ஒற்றைத் தலைவலிக்கு நான் முப்பது வருடம் ஊசி போட்டவன் என்பதால் என்னிடமிருந்து ஒரு கட்டுரை வேண்டும் என்றார்.

“உங்க இருட்டு ரூமைப் பத்தி கண்டிப்பா எழுதணும் சார். இப்ப அம்பாசமுத்திரத்துல ஒருத்தர், சங்கரன்கோவில்ல ஒருத்தர், அதே மாதிரி ரூம் போட்டிருக்காங்க. உங்க பேரைச் சொல்லித்தான் எல்லாரும் செய்தாங்க.”

எழுதித் தருகிறேன் என்றேன். அவர் எதிர்பார்த்த கட்டுரை வேறு. நான் எழுதக் கடமைப்பட்டது இது.

நான் தாவரவியலில் முதுகலை முடித்து, ஒரு தனியார் கல்லூரியில் செய்முறை வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். இருபத்தாறு வயதில் எனக்கே ஒற்றைத் தலைவலி வந்தது. மாதம் மூன்று முறை வரும். வந்தால் ஜன்னலை அடைத்து, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, இருட்டில் குப்புறக் கிடப்பேன். தீக்குச்சி வெளிச்சம்கூடக் கண்ணுக்குள் ஆணி அடிப்பதுபோல இருக்கும். யாரோ சொல்லிக் குற்றாலத்தில் ஞானமுத்து ஐயாவிடம் போனேன். ஏழெட்டு முறையில் வலி பாதியாகக் குறைந்தது. கல்லூரி வேலையை விட்டுவிட்டு அவரிடமே சேர்ந்தேன். எட்டு வருடம் இருந்தேன். படித்தது, தேர்வு எழுதியது, சான்றிதழ் வாங்கியது எல்லாம் அந்த எட்டு வருடத்துக்குள் அடக்கம். அவற்றைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை.

ஞானமுத்து ஐயா கொழும்பில் கற்று வந்தவர். குற்றாலத்தில் அருவிக்குப் போகிற சாலையில், ஒரு பழைய விடுதியின் முன்வராந்தாவில் மூன்று கட்டில் போட்டு வைத்தியம் பார்த்தார். ஒல்லியான, உயரமான மனிதர். வெள்ளைச் சட்டையின் கைகளை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டிருப்பார். ஒவ்வொரு நோயாளிக்கும் முன்னும் பின்னும் கையை சோப்புப் போட்டுக் கழுவுவார். அந்தக் காலத்தில் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஊசிகள் எங்களுக்குக் கிடைக்கவில்லை. ஊசிகளைத் துணியில் சுருட்டி பிரஷர் குக்கரில் அவிப்போம். குக்கரை இறக்கும் வேலையை அவர் யாரிடமும் விட்டதில்லை.

தலைவலிக்காரர் வந்தால் முதலில் விரல்தான், பிறகுதான் ஊசி. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள சதையைப் பிடித்து அழுத்துவார். கர்ப்பிணியா என்று கேட்காமல் அந்த இடத்தைப் பெண்களுக்கு அழுத்தக் கூடாது என்பது அவர் எனக்குச் சொன்ன முதல் விஷயம். பிறகு பாதத்தில், பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையிலுள்ள பள்ளம். பிறகு பிடரி. மண்டையோடு முடிகிற இடத்தில் இரண்டு பக்கமும் குழி இருக்கும். அங்கே ஊசியின் முனை மூக்கு நுனியைப் பார்த்தபடி இறங்க வேண்டும். ஆழம் போகக் கூடாது. இறக்கிய பிறகு ஊசியின் காம்பை இரண்டு விரலால் மெல்ல உருட்டுவார். “கனமா இருக்கா?” என்பார். ஆமாம் என்று பதில் வந்ததும் கையை எடுத்துவிடுவார். கர்ப்பிணியா என்பதைத் தவிர, வழக்கமாக அவர் நோயாளியிடம் கேட்கிற ஒரே கேள்வி அதுதான்.

வராந்தாப் படி அருகே ஒரு தகரப் பெட்டி இருந்தது. நோயாளிகள் கொண்டுவருகிற எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனைத் தாள், மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். போகும்போது எடுத்துக்கொள்ளலாம். நோயின் பெயரை அவரிடம் சொல்லக் கூடாது. நாடியைப் பிடித்து அவரே முடிவு செய்வார். நாங்கள் கற்ற முறையில் பலரும் இன்றைக்கும் அப்படித்தான் செய்கிறோம்.

ஒரு சம்பவத்தை இங்கே சொல்லியாக வேண்டும். செங்கோட்டையில் ஒரு வங்கியில் வேலை பார்த்தவர் தலைவலி என்று ஒரு நாள் காலையில் வந்தார். பெட்டியில் காகிதங்களைப் போட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார். நான் ஊசித் தட்டை எடுத்து வைத்தேன். ஐயா அவருடைய நாடியைத் தொடவில்லை.

“ஏலே, இவருக்கு ஊசி வேண்டாம். போய் கார் பிடிச்சிட்டு வா. நேரா திருநெல்வேலி பெரியாஸ்பத்திரி.”

வந்தவருக்குக் கோபம். “என்னங்க, கையைக் கூடப் பாக்கலையே. நம்பி வந்தா வெரட்டுதீங்க?”

“நாளைக்கு வந்து ஏசும். இப்ப ஏறும் வே.”

மூளையில் ரத்தம் கசிந்திருந்ததாகப் பிறகு தெரிந்தது. ஆள் பிழைத்துக்கொண்டார். எப்படித் தெரிந்தது என்று ஐயாவிடம் கேட்டேன். அவர் படிக்கு அப்பால் தெருவைக் காட்டினார்.

“அவரு எடது கால் செருப்பு அங்க கெடந்தது. கழண்டது தெரியாம ஒத்தச் செருப்போட படியேறினாரு, அந்தக் கால்ல உணர்வே இல்ல. நீ பாக்கலையாக்கும்?”

நான் பார்க்கவில்லை. அதைவிட மோசம், அந்தச் சம்பவத்திலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம். ரிப்போர்ட் எதுவும் பார்க்காமலே ஐயா கண்டுபிடித்துவிட்டார் பார், ஆகவே ரிப்போர்ட் தேவையில்லை என்று எடுத்துக்கொண்டேன். அவர் கேள்வி கேட்காமல் இருந்தாரே தவிர, ஒவ்வொருவரும் தெருவிலிருந்து படியேறுவதை வராந்தாவில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். நான் அவரிடமிருந்து தகரப் பெட்டியை மட்டும் கற்றுக்கொண்டேன்.

அவர் காலமான பிறகு மேலகரத்தில் சொந்தமாகத் தொடங்கினேன். இருட்டறை என் யோசனை. ஐயாவிடம் அப்படி ஒன்று இருந்ததில்லை. அவர் நல்ல வெளிச்சத்தில், நோயாளியைச் சாய்த்து உட்காரவைத்து, இருபது நிமிடம் ஊசியை விட்டுவைப்பார். எனக்குத் தலைவலி வந்த நாட்களில் நான் ஏங்கியது இருட்டுக்கு. அதனால் என் நோயாளிகளுக்கு அதைக் கொடுக்க நினைத்தேன். ஒரு அறையின் ஜன்னல் கண்ணாடிகளுக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்தேன். அதன் மேல் கனமான இரட்டைத் திரை. தென்காசியில் ஒரு ஆசாரியிடம் சொல்லி, குப்புறப் படுத்தால் முகம் வைக்க ஓட்டை விட்ட கட்டில் செய்தேன். பிடரியிலும் பாதத்திலும் ஊசி இறக்கி, கதவைச் சாத்திவிட்டு வந்துவிடுவேன். நாற்பது நிமிடம். உள்ளே கையை நீட்டினால் கை தெரியாது.

பலருக்குக் குணம் தெரிந்தது. இதை மறுக்க மாட்டேன். தென்காசியில் கணக்கு ஆசிரியை ஒருவர், மாதத்தில் நான்கு நாள் பள்ளிக்கூடம் போக முடியாமல் இருந்தவர், ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காமல் ஒரு பருவம் முழுக்க வேலை பார்த்தேன் என்று என் மேஜை முன் உட்கார்ந்து அழுதார். அப்படி இருபது முப்பது பேரையாவது சொல்ல முடியும். ஊசிக்கு வேலை செய்யும் தன்மை உண்டு. நான் தவறியது ஊசியில் அல்ல.

எட்டு வருடங்களுக்கு முன் ஆனி மாதத்தில் மாடத்தி வந்தார். புளியங்குடிக்காரர். ஐம்பத்து நான்கு வயது. எலுமிச்சை மண்டியில் பழம் தரம் பிரிக்கிற வேலை. கணவர் சுடலைமுத்து அதே மண்டியில் லாரிக்கு மூட்டை ஏற்றுகிறவர். மாடத்தி உள்ளே வந்ததும் அறை முழுக்க எலுமிச்சை வாசனை. பழத்தைக் கையில் எடுக்கும்போதே முதல் தரமா இரண்டாம் தரமா என்று தெரிந்துவிடும் என்றும், தோலில் குண்டூசித் தலை அளவு கறை இருந்தாலும் கண்ணில் பட்டுவிடும் என்றும் சுடலைமுத்துதான் பெருமையாகச் சொன்னார்.

“மண்டியில இவளுக்குப் பேரே தராசுதான் டாக்டரய்யா. ஆனா சாயங்காலம் ஆச்சுன்னா வலது புருவத்தைப் பிடிச்சிக்கிட்டு உக்காந்துருதா. ஒரே குமட்டல். சமைக்க மாட்டேங்கா.”

“சமைக்காததுதான் இவுகளுக்கு வெசனம்,” என்றார் மாடத்தி. “என் தலை இல்ல.”

கையில் வைத்திருந்த பிளாஸ்டிக் உறையைத் தகரப் பெட்டியில் போடச் சொன்னேன். நாடி பார்த்தேன். நோட்டில் ‘ஒற்றைத் தலைவலி, வலது’ என்று எழுதினேன். இருட்டறைக்கு அனுப்பினேன்.

நாற்பது நிமிடம் கழித்துக் கதவைத் திறந்தபோது அவர் முனகிக்கொண்டிருந்தார். “இருட்டுல கெடந்தா கூடுதலா வலிக்கே ஐயா.”

“முதல்ல கூடும்மா. கழிவு வெளியேறும்போது அப்படித்தான் இருக்கும். பொறுத்துக்கோ.”

இதுவும் நாங்கள் சொல்லிச் சொல்லிப் பழகிய பேச்சு. காய்ச்சல் வந்தால் கழிவு, வாந்தி வந்தால் கழிவு, வலி கூடினாலும் கழிவு. குறைந்தாலும் குணம், கூடினாலும் குணம் என்று எங்கள் கணக்கில் எல்லாமே குணம்தான்.

அவர் வெளியே போய் முற்றத்து வெயிலில் நின்றார். கால் மணி நேரத்தில் முகம் தெளிந்துவிட்டது. “வெளிச்சத்துக்கு வந்தாத்தான் உயிரு வருது,” என்றார்.

சுடலைமுத்து சிரித்தார். “இவ கூழ்வத்தல் ஜாதி டாக்டரய்யா. வெயில்ல போட்டாத்தான் உருப்படுவா.”

நானும் சிரித்தேன். நோட்டில் ‘சிகிச்சைக்குப் பின் வலி நீங்கியது’ என்று எழுதினேன். ஒற்றைத் தலைவலிக்காரர் யாரும் வெயிலைத் தேடிப் போக மாட்டார். என் இருபத்தாறு வயதில் தீக்குச்சி வெளிச்சத்துக்கு நடுங்கியவன் நான். அந்த ஒரு வாக்கியமே எனக்குப் போதுமானதாக இருந்திருக்க வேண்டும். அவருடைய வலி என்னுடைய வலி அல்ல என்பதை எனக்கு அவர் அன்றே சொல்லிவிட்டார்.

நான்காவது முறை மாடத்தி தனியாக வந்தபோது சாரல் பிடித்திருந்தது. மலை முழுக்க மேகத்துக்குள் இருந்தது. பகல் மூன்று மணிக்கே வாசலில் விளக்குப் போட வேண்டியிருந்தது. மாடத்தி அந்த பல்பைப் பார்த்தபடி சொன்னார்:

“டாக்டரய்யா, வலி வரும்போது பல்பைச் சுத்தி வட்டம் தெரியுது. செவப்பு, பச்சை, ஊதான்னு வானவில்லு கணக்கா. மண்டியில லைட்டப் பாத்தாலும் அப்படித்தான் இருக்கு.”

நானும் பல்பைப் பார்த்தேன். சாரலில் அதைச் சுற்றி மங்கலாக ஒரு வட்டம் இருந்தது. இங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது புதிதல்ல. ஆனி, ஆடியில் குற்றாலத்துக் கடைவீதியில் நடந்தால் ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு வட்டம் இருக்கும்.

“சாரல் நேரம்லா. எனக்கும்தான் தெரியுது.”

“அங்கன புளியங்குடியில சாரல் இல்லையே ஐயா. வெயிலுல்லா அடிக்கி.”

“ஈரக்காத்து அங்க வரைக்கும் வரும்மா. நீ போய் படு.”

நோட்டில் ‘விளக்கைச் சுற்றி வட்டம் – சாரல்’ என்று எழுதினேன். நோயாளி சொல்வதைக் கேட்கக் கூடாது என்ற முறையில் வளர்ந்தவன் அதை எழுதி வைத்ததே அதிசயம். கையெழுத்து நன்றாக இருக்கிறது. நிதானமாகத்தான் எழுதியிருக்கிறேன்.

ஆறாவது முறை. அன்று காலையிலிருந்தே சாரல் விடவில்லை. அவர் வரும்போதே வலி இருந்தது. வலது கண் லேசாகச் சிவந்திருந்தது. நாற்பது நிமிடம் போதாது என்று நினைத்து ஒரு மணி நேரம் இருட்டில் விட்டேன். உள்ளே வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது. ஊசிகளை எடுத்துவிட்டு வெளியே கூட்டிவந்தோம். முற்றத்தில் வெயில் இல்லை. அன்று அவருக்கு உயிர் வரவில்லை. படியில் உட்கார்ந்து வலது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு ஆடிக்கொண்டே இருந்தார்.

“கண்ணு கல்லு மாதிரி இருக்கு ஐயா. தொட்டுப் பாருங்க. கல்லு.”

நான் தொட்டுப் பார்க்கவில்லை. சுடலைமுத்துவிடம் சொன்னேன்: “நிறைய கழிவு இருக்கு. ரெண்டு நாள் வெளிச்சமே படாம வச்சிருங்க. மாத்திரை எதுவும் குடுத்துராதீங்க. கஞ்சித்தண்ணி மட்டும்.”

அவர் அப்படியே செய்தார். லாரித் தார்ப்பாயை வெட்டி ஜன்னலுக்குக் கட்டினாராம். மூன்றாம் நாள் காலையில் போன் வந்தது.

“டாக்டரய்யா, இவளுக்கு வலது கண்ணுல ஒண்ணுமே தெரியலங்கா. என் கையை வச்சு ஆட்டிப் பாத்துட்டேன். தெரியலங்கா.”

திருநெல்வேலியில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். டாக்டர் நாற்பது வயதுப் பெண். பரிசோதித்து முடித்து எங்களை உட்காரவைத்துச் சொன்னார். இது தலைவலியே இல்லை. கண்ணுக்குள் இருக்கிற நீர் வடிகிற வழி இவருக்குப் பிறவியிலேயே குறுகல். இருட்டில் கண்மணி விரியும்போது அந்த வழி அடைத்துக்கொள்ளும். உள்ளே அழுத்தம் ஏறும். வெளிச்சத்துக்கு வந்தால் கண்மணி சுருங்கி வழி திறக்கும். சாயங்காலம் வலி வந்ததும், வெயிலில் தெளிந்ததும் அதனால்தான். இந்த முறை அடைத்தது திறக்கவில்லை. மூன்று நாள் அழுத்தத்தில் வலது கண்ணின் நரம்பு செத்துவிட்டது. இடது கண்ணில் லேசரால் சின்னத் துளை போட்டுக் காப்பாற்றிவிடலாம்.

என் பக்கம் திரும்பினார். “நீங்க என்ன செஞ்சீங்க?”

ஊசி போட்ட இடங்களைச் சொன்னேன். இருட்டறையைச் சொன்னேன். குப்புறப் படுக்க வைப்பதைச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

“இருட்டு ரூம்ல குப்புறப் படுக்க வச்சு, பிரஷர் ஏறுதான்னு பாக்கிறது எங்க ஆளுங்க ஒரு காலத்துல செஞ்ச டெஸ்ட். பக்கத்துலயே ஆள் இருந்து, முன்னாடியும் பின்னாடியும் அளந்து பாத்துத்தான் செய்வாங்க. நீங்க அதை வைத்தியம்னு ஆறு தடவ செஞ்சிருக்கீங்க.”

சுடலைமுத்து பிளாஸ்டிக் உறையை நீட்டினார். ஆறு முறையும் என் தகரப் பெட்டியில் கிடந்த அதே உறை. அதற்குள் ஒரு கண் முகாமில் கொடுத்த ஆங்கிலச் சீட்டு இருந்தது. கண்ணில் நீர் வடிகிற கோணம் குறுகலாகத் தெரிகிறது, உடனே கண் அழுத்தம் பார்க்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. அவர்களுக்கு ஆங்கிலம் தெரியாது. முகாமில் கொடுத்த கண்ணாடியை வாங்கிக்கொண்டு, அதோடு வேலை முடிந்தது என்று வந்துவிட்டார்கள். எனக்கு ஆங்கிலம் தெரியும்.

“இதை நீங்க பாக்கலையா?”

“எங்க முறையில ரிப்போர்ட் பாக்கிறதில்ல.”

“சரி. லைட்டைச் சுத்தி கலர் வட்டம் தெரியுதுன்னு இவங்க எப்பவாவது சொன்னாங்களா? இந்த நோயில அநேகமா எல்லாரும் சொல்வாங்க.”

மாடத்தி இரண்டடி தள்ளிச் சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வலது கண்ணில் பஞ்சு வைத்துக் கட்டியிருந்தது.

“இல்ல,” என்றேன். “சொல்லலை.”

சுடலைமுத்து மனைவி பக்கம் திரும்பினார். “ஏட்டி, உனக்கு வாயி இல்லையா? வீட்டுல என்கிட்ட நூறு தடவ சொன்னியே, வட்டம் தெரியுது வட்டம் தெரியுதுன்னு. இவுககிட்ட சொல்ல என்ன கேடு? சொல்லியிருந்தா கண்ணு தப்பியிருக்கும்லா!”

மாடத்தி ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தார். நான் மேஜையிலிருந்த கண் படத்தைப் பார்த்தேன்.

“சொன்னேன்னுல்லா நெனைச்சேன்,” என்றார் மெதுவாக. “மறந்திருப்பேன் போல.”

என் வாழ்க்கையில் நான் செய்த ஆகக் கேவலமான காரியம் ‘இல்ல’ என்று நான் சொன்ன அந்த ஒற்றைச் சொல்தான். இருட்டறையை அறியாமை என்று சொல்லலாம், தகரப் பெட்டியை வளர்ப்பு என்று சொல்லலாம். இதற்குச் சொல்ல ஒன்றும் இல்லை. அந்தப் பெண் தன் நினைவைவிட என் வார்த்தையை நம்பினார். படித்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று தன் வாயால் தன்மேலேயே பழியைப் போட்டுக்கொண்டார்.

அவர்கள் என்மேல் எங்கும் புகார் கொடுக்கவில்லை. அடுத்த தை மாதம் சுடலைமுத்து மேலகரத்துக்கு வந்து ஒரு பை எலுமிச்சம்பழம் கொடுத்துவிட்டுப் போனார். கஷ்டத்தில் ஆஸ்பத்திரி வரைக்கும் கூட வந்தேனாம். பழங்களை வீட்டுக்கு எடுத்துப் போகாமல் அங்கேயே வைத்திருந்தேன். சுருங்கிப் பச்சைப் பூசணம் பிடித்த பிறகு குப்பையில் போட்டேன்.

அதற்குப் பிறகும் ஐந்து வருடம் தொழில் செய்தேன். தகரப் பெட்டியை ஓசைப்படாமல் எடுத்துவிட்டேன். ஒவ்வொரு காகிதத்தையும் படித்தேன். நாற்பது வயதைத் தாண்டியவர்களிடம் கண் பரிசோதனை செய்துவிட்டு வரச் சொன்னேன். ஆனால் திரையைக் கழற்றவில்லை. கழற்றினால் ஏன் என்று கேட்பார்கள். கேட்டால் மாடத்தியைச் சொல்ல வேண்டும். இருட்டறையை அப்படியே பாத்திமாவிடம் கொடுத்தேன். கண் பரிசோதனை எதற்கு என்ற காரணத்தையும் சேர்த்துக் கொடுக்கவில்லை.

சென்ற மாதம் பாத்திமா கட்டுரை கேட்டுவிட்டுப் போன மறுநாள், பழைய நோட்டை எடுத்துக்கொண்டு மேலகரம் போனேன். நடந்ததை முழுவதும் சொன்னேன். நான் முடித்ததும் பாத்திமா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

“பதினோரு மணிக்கு ஒருத்தங்க வராங்க சார். அறுபது வயசு.”

எழுந்து போனார். உள்ளே திரைக்கம்பியிலிருந்து வளையங்கள் உரசிக்கொண்டு வருகிற சத்தம் கேட்டது. திரையை மடிக்காமல் அப்படியே சுருட்டி அள்ளிக்கொண்டு வந்து வாசலில் போட்டார்.

“மத்த ரெண்டு ஊருக்கும் நான் இன்னைக்கே போன் பண்ணுதேன். ஆனா மூணு வருசம் சார். மூணு வருசமா நான் ஆளுகளை அதுக்குள்ள படுக்க வச்சிருக்கேன். கண்ணு டெஸ்டுக்குப் போகச் சொல்லுவீங்க, உங்க வழக்கம்னு நெனைச்சேன். போகமாட்டோம்னு சொன்னவங்களை நான் வற்புறுத்தலை. எத்தனை பேருன்னு நான் போய் இப்ப எங்க தேட?”

பாத்திமா என் கையிலிருந்த நோட்டைப் பார்த்தார்.

“அந்தம்மாகிட்ட சொன்னீங்களா?”

“இல்ல.”

“அப்ப முதல்ல அங்க போங்க சார். கட்டுரையெல்லாம் அப்புறம்.”

புளியங்குடியில் வீட்டைக் கண்டுபிடிக்கக் கஷ்டப்படவில்லை. மண்டிக்குப் பின்னால் இருக்கிற தெரு. மாடத்தி வாசலில் உட்கார்ந்து கிழிந்த சாக்குகளைக் கோணியூசியால் தைத்துக்கொண்டிருந்தார். ஒரு கண்ணால் தூரமும் அளவும் பிடிபடாமல் தரம் பிரிக்கிற வேலை போய்விட்டது. மண்டியில் இரக்கப்பட்டு சாக்குத் தைக்கக் கொடுக்கிறார்கள். ஊசியை நுழைக்கும் முன் இடது கைப் பெருவிரலால் இடத்தைத் தடவிப் பார்த்துக்கொள்கிறார். சுடலைமுத்துவுக்கு இடுப்பு போய்விட்டது. இப்போது மூட்டை தூக்குவதில்லை; பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

“ஏட்டி, டாக்டரய்யா வந்திருக்காக. சேரை எடுத்துப் போடு,” என்றார். பிறகு என்னிடம், “நீங்க வந்தா மட்டும் என்னய்யா, போன கண்ணு போனதுதான். அன்னைக்கு இவ வாயத் தொறந்திருந்தா இப்படிச் சாக்குத் தைக்க வேண்டாம். வாரவுக போறவுககிட்ட எல்லாம் நான் சொல்லுததுதான்.”

எட்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். மாடத்தி தலை நிமிரவில்லை. கேட்டுக் கேட்டுப் பழகிய பேச்சு.

நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே நோட்டைத் திறந்து அந்த வரியைப் படித்தேன். அவர் என்னிடம் சொன்னார், நான் எழுதினேன், ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோது சொல்லவில்லை என்று பொய் சொன்னேன் என்றேன். இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. முதல் முறை சுடலைமுத்துவுக்குப் புரியவில்லை.

புரிந்ததும் அவர் என்னை ஏசவில்லை. “அப்ப நான்?” என்றார். “எட்டு வருசமா இவளை நான் பேசினதெல்லாம்?” சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வீட்டுக்குள் போய்விட்டார்.

மாடத்தி ஊசியைச் சாக்கில் குத்தி வைத்துவிட்டுக் கையை நீட்டினார். நோட்டைக் கொடுத்தேன். இடது கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து, விரலை ஓட்டி எழுத்துக் கூட்டினார். ‘விளக்கைச் சுற்றி வட்டம் – சாரல்.’ விரல் அந்தக் கடைசிச் சொல்லில் நின்றது.

“அங்கன சாரல் இல்ல, வெயில் அடிக்குன்னு சொன்னேனே. அதை எழுதலையா?”

“எழுதலம்மா.”

“எழுதுங்க.”

பேனாவை எடுத்து அந்த வரிக்குக் கீழே எழுதினேன்: ‘புளியங்குடியில் சாரல் இல்லை, வெயில் அடிக்கிறது என்று மாடத்தி சொன்னார். நான் கேட்கவில்லை.’

“கையெழுத்துப் போடுங்க.”

போட்டேன். நோட்டைத் திரும்ப வாங்கி, எழுத்துக் கூட்டி இரண்டு முறை வாசித்தார். என் பக்கம் பார்க்கவில்லை. வீட்டு வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

“ஏங்க, வெளிய வாங்க. இதை நீங்க சத்தமா வாசிங்க.”